பொட்டலத்தின் எடை

எனக்குப் பாம்பு என்றால் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஏதோ நான் அதைக் கொஞ்சி வளர்த்ததாக யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது. என் தம்பி அதைக் கண்ணாடித் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்த அன்று கதவை மறித்து நின்றேன். இந்த வீட்டில் ஒன்று அது இருக்கும், இல்லை நான் இருப்பேன் என்றேன். இரண்டே நாள்தான் என்றான். அவன் பார்சல் வேன் ஓட்டுகிறவன். இரண்டே நாளில் வந்துவிடும் என்று அவன் சொன்ன எந்தப் பார்சல் இரண்டே நாளில் வந்திருக்கிறது?

கூட வேலை பார்த்த ஒருத்தன் வேலையை விட்டுப் போகும்போது இதை இவன் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். முடியாது என்று சொல்ல என் தம்பிக்கு வாய் வராது. பந்து மலைப்பாம்பு என்றான், இரண்டு மாதக் குட்டி. விஷமில்லை. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடுமாம். தொட்டியின் மூலையில் அப்படித்தான் சுருண்டு கிடந்தது, பழுப்பும் கறுப்புமாக ஒரு கைப்பிடி அளவு. பொட்டலம் மாதிரி இருக்கிறது என்று அவனே அதற்குப் பொட்டலம் என்று பெயரும் வைத்தான். தொட்டியோடு சீர்வரிசையும் வந்தது: அடியில் போடுகிற சூட்டுப் பலகை, வெப்பமானி, உறைய வைத்த சுண்டெலிகள் ஒரு டப்பா, சமையலறைத் தராசு ஒன்று, கோடு போட்ட நோட்டு ஒன்று. எலி டப்பாவை ஃப்ரிட்ஜில் என் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அன்றிலிருந்து நான் ஐஸ் போட்டுத் தண்ணீர் குடித்ததில்லை.

பாம்பை அன்றைக்கே வெளியே தள்ளியிருப்பேன். தள்ளாததற்குக் காரணம் அந்த நோட்டு.

தம்பி மனைவி சாப்பாட்டை விட்டு அப்போது இரண்டரை மாதம் ஆகியிருந்தது. குழந்தை போன நாளிலிருந்து அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள்தான். நான் ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவாள், மூன்றாவது வாய்க்கு உதட்டை மூடிக்கொள்வாள். ஐம்பத்தெட்டு கிலோ இருந்தவள் நாற்பத்திரண்டுக்கு வந்துவிட்டாள். நாற்பதுக்குக் கீழே போனால் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும், அப்போதும் இதயம் தாங்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் எங்களைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். தம்பி பகலெல்லாம் வேனில் ஓடினான். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற நான் மத்தியானத்தோடு வேலையை முடித்துக்கொண்டு வந்து அவளைப் பார்த்துக்கொண்டேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை. இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான்.

அவள் அன்று தண்ணீர் குடிக்க வெளியே வந்தவள், மேஜை மேல் கிடந்த நோட்டைப் புரட்டினாள். வாரா வாரம் தேதி போட்டு, பக்கத்தில் எடை எழுதியிருந்தது. கடைசி இரண்டு வாரத்துக்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவள் தராசைப் போட்டாள், ஒரு கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கினாள், தொட்டிக்குள் கையை விட்டுப் பாம்பை அள்ளிக் கிண்ணத்தில் வைத்தாள். நான் வாசல்படிக்குப் போய் நின்றுகொண்டேன்.

"எண்பத்திநாலு" என்றாள். அந்த வாரம் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது.

அவள் ரொட்டிக் கடையில் மாவு நிறுத்து உருண்டை போடுகிற வேலையில் எட்டு வருஷம் இருந்தவள். அவள் கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் கிராம் கணக்கில் சொல்லுவாள், தராசில் போட்டால் இரண்டு மூன்று கிராம்கூடத் தப்பாது. ஆனால் தராசில் போடாமல் எதையும் நம்பவும் மாட்டாள்.

எலி விற்கிற கடைக்காரரிடம் நானும் அவளும் போனோம். அவள் வீட்டை விட்டு வெளியே வந்ததே அன்றுதான். கடைக்காரர் நிதானமானவர், பொறுமையாகச் சொன்னார். பாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு எலி, அதன் உடம்பின் தடித்த இடத்தை விடப் பெரிதாக இருக்கக் கூடாது. வாரம் ஒரு தடவை போதும். தீனி போடுவதற்கு முன்னால் எடை பார்க்க வேண்டும். தின்ற பிறகு இரண்டு நாள் தொடவே கூடாது. எடையை மட்டும் நம்பாதீர்கள், உடம்பையும் பாருங்கள் என்றார். முதுகெலும்பு கூரை மாதிரி கூராகத் துருத்தினால் இளைப்பு. வால் பக்கம் மடிப்பு விழுந்து செதில்களுக்கு நடுவே தோல் தெரிந்தால் கொழுப்பு. மேலே லேசான வளைவும் பக்கங்களில் திரட்சியுமாக இருந்தால் நல்ல உடம்பு.

"நல்லா உப்பி வந்த ரொட்டி மாதிரி" என்றாள் இவள். கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, அடுத்த கடையைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டேன்.

முதல் தீனி அன்று எலியைச் சூடாக்குகிற வேலை என் தலையில் விழுந்தது. பைக்குள் போட்டு வெந்நீரில் மிதக்க விட்டு, சூடு சரியா என்று மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன். பாப்பாவுக்கு எடுத்து வைத்த தாய்ப்பால் புட்டியை அப்படித்தான் பார்ப்பேன். இரண்டு பேருக்குமே அது ஞாபகம் வந்தது. அவள் இடுக்கியால் எலியின் வாலைப் பிடித்துப் பாம்பின் முன்னால் மெல்ல ஆட்டினாள். பொட்டலம் தலையைத் தூக்கிற்று, நாக்கை நீட்டிற்று, கண்ணிமைக்கிற நேரத்தில் கவ்விச் சுற்றிக்கொண்டது. விழுங்கி முடிக்கக் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரமும் அவள் தொட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வந்து, பசிக்கிறது என்றாள்.

ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டாள். தட்டைத் துடைத்துச் சாப்பிட்டாள்.

அப்படியே ஐந்து வாரம் போயிற்று. எண்பத்திநாலு, எண்பத்தொன்பது, தொண்ணூற்றைந்து, நூற்றிரண்டு, நூற்றொன்பது. இவள் நாற்பத்தைந்து கிலோவுக்கு வந்தாள். பாம்பு தின்கிற வரைக்கும் இவள் தின்பாள் என்று எனக்குப் புரிந்துபோயிற்று. சாமி கும்பிடாத நான் அந்த ஊர்கிற ஜந்துவுக்காக வேண்டிக்கொண்டேன். நல்லா தின்னு, ராசா, தின்னு தொலை என்று இஸ்திரி மேஜையில் நின்றுகொண்டு முணுமுணுப்பேன். பக்கத்து மேஜைக்காரி எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆறாவது வாரம் அவள் அந்தக் காரியத்தை ஆரம்பித்தாள். எலியை விழுங்கி முடித்ததும் பாம்பைத் தூக்கி மறுபடி தராசில் வைத்தாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். பாப்பா குறைமாதத்தில் பிறந்தது. எவ்வளவு பால் உள்ளே போகிறது என்று பார்க்க, கொடுப்பதற்கு முன் ஒரு தடவையும் கொடுத்த பின் ஒரு தடவையும் எடை பார்க்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் அவளைப் பழக்கியிருந்தார்கள். வீட்டுக்கும் ஒரு குழந்தைத் தராசு வாங்கினோம். ஒரு பொத்தானை அமுக்கினால் கடைசியாகப் பார்த்த எடையைக் காட்டும், முன்னுக்கும் பின்னுக்கும் கழித்துக்கொள்ள வசதி. ஒரு நாளைக்கு எட்டு வேளை, பதினாறு எடை. பாம்பைக் கையில் எடுத்தபோதும் அவள் கை அதைத்தான் செய்தது. இரண்டு நாள் தொடக் கூடாது என்று கடைக்காரர் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. கைக்கு அது எட்டவில்லை.

என் காதிலும்தான் விழுந்திருந்தது. பத்து கிராம் ஏறியிருந்ததைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது, நான் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு தடவை ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது தடவை மறுநாள் காலையில் வீடே நாறியது. பாதி கரைந்த எலி தொட்டியில் கிடந்தது. எடை குறைந்ததைப் பார்த்துப் பதறிய அவள் அன்றைக்கே இன்னொரு எலியைப் போட்டாள். ஆவலாகத்தான் தின்றது. அதுவும் வெளியே வந்துவிட்டது. நூற்றிருபதைத் தொட்டிருந்த பொட்டலம் நூற்றெட்டுக்கு இறங்கியது.

மிருக டாக்டரம்மா வயதில் சின்னவள், கண்டிப்பானவள். பாம்பை நீளவாக்கில் கையில் ஓடவிட்டுப் பார்த்தாள். இன்னும் இளைக்கவில்லை, நல்ல உடம்புதான், ஆனால் வாந்தியில் வயிற்று அமிலமெல்லாம் மேலே ஏறி உள்ளே புண்ணாகியிருக்கிறது என்றாள். "பதினஞ்சு நாள் தீனி கூடாது. தூக்கக் கூடாது, எடை பார்க்கக் கூடாது. தண்ணி மட்டும் வைங்க. பத்துப் பன்னெண்டு கிராம் குறையும், அதுக்கு ஒண்ணும் ஆகாது. இப்ப எதையாவது குடுத்தீங்கன்னா அதுதான் கொன்னுடும்."

"பதினஞ்சு நாளா?" என்றாள் இவள்.

பாப்பாவைக் காட்டப் போனபோது ஆஸ்பத்திரி நர்சும் அதே பதினைந்து நாளைத்தான் சொன்னாள். வேளா வேளைக்கு எடை பார்த்துப் பயந்தால் உங்களுக்குப் பாலே சுரக்காது, தராசை எடுத்து மறைத்து வையுங்கள், பதினைந்து நாள் கழித்துக் கொண்டுவந்து காட்டினால் போதும் என்றாள். தராசை வாங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டியது நான். பிள்ளை என்ன தங்கமா, கிராம் கிராமாகப் பார்க்க என்று கேலி வேறு செய்தேன். பன்னிரண்டாம் நாள் காலை பாப்பா எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், இவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார்.

மிருக ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவளே சமையலறைத் தராசை எடுத்து என்னிடம் நீட்டினாள். "பூட்டி வைங்கக்கா. என் கைய நான் நம்ப மாட்டேன்." நான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது சொன்னாள்: "ஆனா இந்தத் தடவ எதையும் எங்கிட்ட மறைக்காதீங்க."

அதே பீரோ, அதே தட்டு. குழந்தைத் தராசின் மேல் இதை வைத்துப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிவிட்டு, பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். ஏன் என்று இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும்.

பாப்பாவின் அந்தப் பதினைந்து நாளில் ஒன்பதாம் நாள், இவள் குளிக்கப் போயிருந்தபோது, நான் பீரோவைத் திறந்து தராசை எடுத்துப் பாப்பாவைப் படுக்க வைத்துப் பார்த்தேன். பிள்ளை கையில் முன்னைவிட லேசாக இருப்பது போல எனக்குப் பட்டிருந்தது. இரண்டாயிரத்து இருநூற்றுப் பத்து காட்டியது. பூட்டி வைத்த அன்று இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது. நூற்று முப்பது கிராம் குறைந்திருந்தது. சொன்னால் இவளுக்குப் பால் வற்றிவிடும், நர்சுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிட்டது, இன்னும் ஆறே நாள்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு தராசைப் பூட்டிவிட்டேன். இதைத் தம்பியிடமும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. நான் வாயாடி என்று பேர் எடுத்தவள். சொல்ல வேண்டிய ஒரே இடத்தில் வாயைத் திறக்கவில்லை.

பொட்டலம் தொட்டிக்குள் அசையாமல் கிடந்தது. மூன்றாம் நாள் இவள் தட்டில் பாதியை மிச்சம் வைத்தாள். ஐந்தாம் நாள் முக்கால். ஏழாம் நாள் தண்ணீர் மட்டும். பாம்புக்கு டாக்டரம்மா சொன்ன பத்தியத்தை இவள் பிடிக்க ஆரம்பித்துவிட்டாள். தம்பி கெஞ்சினான், ஒரு தடவை கத்தினான், பிறகு மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதான். அவன் அழுதது எனக்குக் கேட்டது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் நான் வேலையிலிருந்து வந்தபோது அவள் தொட்டிக்கு முன்னால் படுத்திருந்தாள். "முதுகு தெரியுதுக்கா" என்றாள். குனிந்து பார்த்தேன். லேசாகத் தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு கிராம் குறையும் என்று டாக்டரம்மா சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருந்தது. பாப்பாவின் ஒன்பதாம் நாளும் அதே அளவு ஞாபகம் இருந்தது. இன்னொரு தடவை பார்த்தும் பார்க்காதவளாக இருக்க என்னால் முடியாது என்று தோன்றியது. அவள் கேட்கவே இல்லை. நானேதான் சாவியை எடுத்தேன், நானேதான் தராசைக் கொண்டுவந்து வைத்தேன்.

நூற்றிரண்டு. ஆறு கிராம்தான் குறைந்திருந்தது.

சரிதான், இவ்வளவுதான் குறையும் என்று சொன்னார்கள், திரும்ப உள்ளே விடு என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நான் சொன்னது இது: "குறைஞ்சிருக்கு. பேசாம இருந்தது போதும், குடுத்துடலாம்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நிஜமாவா சொல்றீங்க?" என்றாள். நிஜமாகத்தான் சொன்னேன். எலியை வெந்நீரில் போட்டது நான். மணிக்கட்டில் வைத்துப் பார்த்தது நான்.

பொட்டலம் பாய்ந்து கவ்வியது. அவள் தராசைத் தொடவில்லை, நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று மாலை ரொட்டி கேட்டாள். நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம், தம்பி ஏதோ ஒரு வீட்டில் நாய் அவன் தொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையைச் சொன்னான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மறுநாள் எலி வெளியே வந்தது, இந்தத் தடவை ரத்தத்தோடு. அதற்கு மறுநாள் தம்பி வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, பாம்பு தண்ணீர்க் கிண்ணத்தில் பாதி உடம்பு கிடக்க நீளமாக நீட்டிக்கொண்டு கிடந்தது. சுருளவில்லை, உயிரும் இல்லை. அது சுருளாமல் கிடந்து நான் பார்த்ததே இல்லை. இவள்தான் எடுத்துத் துண்டால் துடைத்து மேஜை மேல் வைத்தாள்.

அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இனிமேலும் சொல்லாமல் இருந்தால் எனக்கே என்னைப் பிடிக்காது.

"ஒம்பதாம் நாள் பாப்பாவ நான் எடை பாத்தேன்" என்றேன்.

அவள் நிமிரவில்லை. துண்டின் ஓரத்தை மடித்துக்கொண்டே, "ரெண்டாயிரத்து எரநூத்திப் பத்து" என்றாள்.

அவளே சொன்னாள். பாப்பாவை அடக்கத்துக்கு எடுத்துப் போகிற அன்று, பீரோவிலிருந்து புதுத் துணி எடுக்க நான்தான் சாவியை அவள் கையில் கொடுத்தேனாம். தராசு கண்ணில் பட்டதாம். தான் கடைசியாகப் பார்த்த எடை அதில் இருக்கும், அதையாவது ஒரு தடவை பார்க்கலாம் என்று பொத்தானை அமுக்கினாளாம். வேறு எண் இருந்ததாம். இந்த வீட்டில் பீரோ சாவி வேறு யாரிடமும் இருந்ததில்லை.

ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன்.

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றாள். "தெனமும் ஊட்ட வரும்போது இன்னிக்குச் சொல்வாங்கன்னு நெனைப்பேன். ரெண்டு வாய் வரைக்கும் காத்திருப்பேன்."

மூன்றாவது வாய்க்கு உதட்டை மூடிக்கொண்டதெல்லாம் என் கண்முன் வந்தது. அழுதேன். அவள் என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. அழுது முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டுத் தராசை என் பக்கம் தள்ளினாள்.

"இத வச்சுப் பாருங்க. வாய்விட்டுச் சொல்லுங்க."

அந்த உடம்பை நான் அதுவரை தொட்டதில்லை. சில்லென்று இருந்தது, வழவழவென்று இருந்தது, நினைத்ததை விடக் கனமாக இருந்தது. கிண்ணத்தில் வைத்துப் பார்த்து, தொண்ணூற்றேழு என்றேன். நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டாள். பிறகு எழுந்து குளியலறைக் கதவருகில் கிடக்கிற பெரிய தராசைக் காலால் இழுத்து அதன் மேல் ஏறி நின்றாள். சுவரைப் பிடித்துக்கொள்ளாமல் நிற்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"எனக்குக் கீழ குனிஞ்சா தலை சுத்துது. நீங்க பாருங்க."

மண்டியிட்டுப் பார்த்தேன். நாற்பத்தொன்று என்று சொல்ல நாக்கு துடித்தது. நாற்பத்தொன்று என்றால் வீட்டில் இருப்பாள், என் கண் எதிரில் இருப்பாள், நான் பார்த்துக்கொள்வேன்.

"முப்பத்தொம்போது முந்நூறு" என்றேன்.

"சரி" என்றாள். இறங்குவதற்கு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, வேனைத் திருப்பிக்கொண்டு வரச் சொல்லித் தம்பிக்குப் போன் செய்தேன். அவன் வருவதற்குள் அவளுக்கு மாற்றுத் துணி இரண்டு செட் பையில் எடுத்து வைத்தேன், அவள் கேட்டாள் என்று அந்த நோட்டையும் வைத்தேன்.